பதிவில் இல்லாத கை: தமிழ்ச் சிறார் நூல் ஆய்வில் நூலகப் பட்டியலும் ஓவியரும்

ஆய்வுச்சுருக்கம்

தமிழ்ச் சிறார் இலக்கிய வரலாறு பெரிதும் எழுத்தாளர் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. ஓவியர் அதில் இடம்பெறாமைக்குத் திறனாய்வாளரின் மனச்சாய்வு மட்டும் காரணமன்று. ஆய்வாளர் முதலில் கையிலெடுக்கும் நூற்பட்டியலின் அமைப்பும் காரணம் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. அம்புலிமாமா இதழும் தாரா பதிப்பகத்தின் நூலொன்றும் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: சிறார் இலக்கியம், நூற்பட்டியல், ஓவியர், புனைபெயர், அம்புலிமாமா

முன்னுரை

சிறார் இலக்கிய ஆய்வுக்குரிய மூலங்கள் சென்னையின் தென்பகுதியில் செறிந்து கிடக்கின்றன. தாம்பரத்தில் 1937 முதல் இயங்கிவரும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் நூலகம், தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம், பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகம், கோட்டூர்புரத்தில் சிறார்க்கெனத் தனிப்பிரிவு கொண்ட அண்ணா நூற்றாண்டு நூலகம் ஆகியவை ஒரு நாட்பயண எல்லைக்குள் அடங்குவன. தாம்பரத்திலோ பல்லாவரத்திலோ தங்கிப் பயிலும் ஆய்வாளர்க்கு இதனினும் வாய்ப்பான சூழல் அரிது. எனினும் ஒரு சிறார் நூலுக்குப் படம் வரைந்தவர் யார் என்னும் எளிய வினாவுக்கு விடை காண, பட்டியலை மூடிவிட்டு நூலின் ஒவ்வொரு பக்கத்தையும் புரட்ட வேண்டியுள்ளது. இந்நிலை எவ்வாறு உருவாயிற்று என்பதே இங்கு எழுப்பப்படும் வினா.

பட்டியல் மரபில் ஓவியர்

அச்சகங்கள், நூற்பதிவு குறித்த 1867ஆம் ஆண்டுச் சட்டம், மாகாணத்தில் அச்சான ஒவ்வொரு நூலைப் பற்றியும் பதிய வேண்டிய செய்திகளை வரையறுத்தது. தலைப்பு, மொழி, ஆசிரியர் அல்லது மொழிபெயர்ப்பாளர் அல்லது பதிப்பாசிரியர், பொருள், அச்சகம், பக்கம், அளவு, படிகளின் எண்ணிக்கை, விலை ஆகியவை அதில் அடங்கும். எத்தனை படிகள் அச்சாயின என்பதைக் கேட்ட அச்சட்டம், படம் வரைந்தவர் யார் எனக் கேட்கவில்லை. தமிழ் நூல் வரலாற்றின் முதன்மைச் சான்றாக இன்றும் பயன்படும் காலாண்டுப் பட்டியல்கள் இச்சட்டத்தின் வழி உருவானவை.

விதியே இல்லாமையால் இக்குறை நேர்ந்தது எனக் கருதவும் இடமில்லை. சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராக விளங்கிய எஸ்.ஆர். ரங்கநாதன், 1934இல் வெளியிட்ட பட்டியலாக்க விதித்தொகுப்பின் வழியே மொழிபெயர்ப்பாளர், பதிப்பாசிரியர் முதலியோருடன் ஓவியரையும் நூலின் துணையாக்குநராக ஏற்கும் நெறியை வகுத்தார். விதி இருந்தது, தமிழ்ச் சிறார் நூல்களைப் பொறுத்தவரை அது முழுமையாக நடைமுறைக்கு வரவில்லை. விலை குறைந்த மெல்லிய நூல்களுக்கு விரிவான பதிவு தேவையில்லை என்ற எண்ணம் இதற்கு ஒரு காரணமாகலாம்.

அம்புலிமாமா: தலைகீழான சான்று

அம்புலிமாமா 1947 ஜூலையில் தெலுங்குச் சந்தமாமாவுடன் ஒருங்கே சென்னையில் தொடங்கப்பெற்றது. பின்னர்ப் பிற மொழிகளிலும் பரவியது. இவ்விதழின் கதைகளுள் மிகப்பல எழுதியவர் பெயரின்றி வெளிவந்தன. படங்களிலோ ஓவியரின் ஒப்பம் இருந்தது. சித்ரா, சங்கர், வபா ஆகிய சிறு ஒப்பங்களை வாசகர் பல்லாண்டு கண்டு பழகினர். 1950களின் தொடக்கத்தில் இவ்விதழில் சேர்ந்த சங்கர் என்னும் கே.சி. சிவசங்கரன் ஏறத்தாழ அறுபதாண்டுகள் வரைந்தார். உருவிய வாளுடன் பிணத்தைத் தோளிற் சுமந்து நடக்கும் விக்கிரமன் அவர் கை தந்த உருவம். 2020இல் அவர் மறைந்தபின், 2021இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

இங்கு ஒரு முரண் புலப்படுகிறது. பட்டியல் எழுத்தை முதலாகவும் படத்தைத் துணையாகவும் கொள்கிறது. அம்புலிமாமாவிலோ எழுத்து பெயரற்றது, படம் பெயருடையது. எழுத்து மொழிதோறும் மாறியது. படம் எல்லாப் பதிப்புக்கும் பொதுவாக நின்றது. அவ்வாறாயின் இதழின் நிலைத்த மூலம் எது? ஆசிரியர் பெயரைக் கொண்டு தேடும் ஆய்வாளர்க்கு இவ்விதழ் வெறுமையையே தரும். ஒப்பங்களைத் தொடர்ந்து செல்பவர்க்கு ஒரு கலைமரபின் வளர்ச்சியே கிடைக்கும்.

ஒப்பத்தை மட்டும் நம்புவதிலும் இடர் உண்டு. ஒற்றைச்சொற் கையொப்பம் ஒருவரையே குறிக்கிறதா என்பது பிற சான்றுகளால் உறுதிசெய்யப்பட வேண்டும். எழுத்தாளர் பெயரிலும் இச்சிக்கல் உள்ளது. வி. கிருஷ்ணமூர்த்தி சிறார்க்கு வாண்டுமாமாவாகவும் பெரியோர்க்குக் கௌசிகனாகவும் எழுதினார். பெயர்களை இணைக்கும் சுட்டுப்பதிவு இல்லையேல் ஒருவர் மூவராகிவிடுவார். ஆயினும் எழுத்தாளர் பெயரை இணைக்க வாழ்க்கைக் குறிப்புகளும் இலக்கிய வரலாறுகளும் துணைநிற்கின்றன. ஓவியர்க்கு அத்துணையும் குறைவு. 1950இல் அழ. வள்ளியப்பா முன்னின்று தொடங்கிய அமைப்பும் குழந்தை எழுத்தாளர் சங்கம் என்றே பெயர் பெற்றது. சிறார் நூலை ஆக்குவோர் எழுத்தாளரே என்னும் கருத்து, துறையின் உள்ளேயும் வேரூன்றியிருந்தமைக்கு இப்பெயர் ஒரு குறிப்பு.

மாற்று முன்மாதிரி

திருவான்மியூரில் இயங்கும் தாரா பதிப்பகம் 2006இல் வெளியிட்ட ‘தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்’ என்னும் ஆங்கில நூலில் பஜ்ஜு ஷ்யாம், துர்கா பாய், ராம்சிங் உர்வேதி ஆகிய கோண்டு ஓவியர் மூவரும் ஆசிரியர் நிலையில் வைக்கப்பட்டுள்ளனர். 2008இல் போலோன்யா சிறார் நூற்கண்காட்சியின் விருதை இந்நூல் பெற்றது. பதிப்பாளர் முகப்புப் பக்கத்தில் ஓவியரை முதன்மைப்படுத்தும்போது பட்டியலும் அதனைப் பின்பற்ற நேர்கிறது. ஆகவே சிக்கலின் தொடக்கம் நூலகத்தில் மட்டுமன்று, முகப்புப் பக்கத்திலும் உள்ளது.

முடிவுரை

சுவடிகளை ஒப்பிட்டுப் பாட வேறுபாடு காணும் பயிற்சியைத் தமிழ் ஆய்வுலகம் உ.வே.சாமிநாதையர் போன்றோரிடம் கற்றது. சிறார் நூலின் மறுபதிப்பில் ஒரு சொல் மாறினால் அது பாட வேறுபாடு. படம் முழுவதும் மாறினால் அதற்கு நம்மிடம் பெயரில்லை. அதனைப் பட வேறுபாடு எனக் கொண்டு பதிவது ஆய்வாளர் கடமை. மறுபதிப்பை மட்டும் கண்டு முதற்பதிப்பின் ஓவியரைப் பற்றி முடிவுரைப்பதும், படங்களை நீக்கிய மின்பதிப்பைச் சிறார் நூலின் மூலமாகக் கொள்வதும் தவிர்க்கப்பட வேண்டும்.

ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக வாழ்ந்து, கோட்டையூரில் நூல்களைத் திரட்டினார். ஓர் ஓவியர் காத்த அச்சுச் செல்வம் இன்று தரமணியில் உள்ளது. அத்தகைய தொகுப்புகளில் பக்கம் புரட்டிக் காணும் ஒவ்வோர் ஒப்பத்தையும் ஆய்வாளர்கள் நூலகத்திற்கே குறிப்பாகத் தருவாராயின், அடுத்து வருபவர் வெறும் பட்டியலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. படத்தைப் பார்த்தே கதைக்குள் நுழைந்த குழந்தையின் வாசிப்பும் அப்போதுதான் இலக்கிய வரலாற்றில் இடம்பெறும்.