பாதி புரிந்த ஞாயிறு

உங்களுக்கு நாற்பது வயது தாண்டிவிட்டதா? அப்படியானால் அந்தப் பட்டியல் உங்கள் செல்போனுக்கும் வந்திருக்கும். மொட்டை மாடி ஆன்டெனா, ஷட்டர் வைத்த சாலிடேர் டி.வி., 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' அட்டை, ஹீ-மேன், ஜங்கிள் புக், டக் டேல்ஸ், சக்திமான். பட்டியலுக்குக் கீழே தவறாமல் ஒரு வரி இருக்கும்: 'இதையெல்லாம் பார்த்து வளர்ந்த கடைசித் தலைமுறை நாம்தான். இந்தக் காலத்துப் பசங்களுக்கு என்ன தெரியும்?' நீங்களும் ஒரு பெருமூச்சு விட்டு, நாலு குரூப்புக்குத் தள்ளிவிட்டிருப்பீர்கள்.

பட்டியலில் எனக்குத் தகராறு இல்லை. நானும் அந்தக் கோஷ்டிதான். கடைசி வரியில்தான் தகராறு. அதை வைத்து உங்கள் பிள்ளைகள் தலையில் குட்டுவதற்கு முன்னால், வாருங்கள், கொஞ்சம் கணக்குப் பார்த்துவிடலாம். பி.காம். படித்தவன் வேறென்ன செய்வான்?

முதல் கேள்வி. அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் நாம் பார்த்தது நமக்குப் புரிந்ததா?

நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். ஹீ-மேன் பேசியது இங்கிலீஷ். மற்றதெல்லாம் இந்தி. தமிழ் மீடியத்தில் ஆறாவது படித்துக்கொண்டிருந்தவனுக்கு இரண்டும் ஒன்றுதான். ஜங்கிள் புக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஜாதகம் விசித்திரமானது. பம்பாயில் பிறந்த ஆங்கிலேயர் கிப்ளிங், அமெரிக்காவில் உட்கார்ந்துகொண்டு, மத்தியப் பிரதேசத்துக் காட்டைப் பற்றி எழுதினார். புத்தகமாக வந்தது 1894-ல். ஜப்பானின் நிப்பான் அனிமேஷன் நிறுவனம் 1989-ல் அதை 52 பகுதித் தொடராக்கியது. 1993-ல் தூர்தர்ஷன் அதற்கு இந்தி பேசக் கற்றுக்கொடுத்தது. புலி ஷேர்கானுக்கு நானா படேகரின் குரல். முகப்புப் பாட்டு குல்சார், இசை விஷால் பரத்வாஜ்.

அந்தப் பாட்டில் 'சட்டி' என்கிற மாதிரி ஒரு வார்த்தை காதில் விழும். நாம் மண்சட்டி என்று நினைத்துக்கொண்டோம். அது மோக்லி இடுப்பில் கட்டியிருந்த சமாசாரம். நம் ஊரில் ஜட்டி. காட்டுக்கும் மண்சட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. காட்டில் மட்டும் சோறு பொங்க வேண்டாமா?

இதைவிடப் பெரிய கூத்து 'மால்குடி டேஸ்'. எழுதிய ஆர்.கே.நாராயண் சென்னையில் பிறந்த தமிழர். இசை எல்.வைத்தியநாதன். இயக்கியவர் கன்னட நடிகர் ஷங்கர் நாக். படம் பிடித்தது கர்நாடகத்து ஆகும்பேயில். கதை நடப்பது ஒரு தென்னிந்தியச் சின்ன ஊரில். ஆனால், 80களில் நம் வீட்டுப் பெட்டிக்கு வந்து சேர்ந்தபோது சுவாமிநாதன் என்கிற அந்தப் பையன் அப்பாவிடம் இந்தியில் பேசினான். நம்மைப் போலவே வேட்டி கட்டிய தாத்தாக்கள் நமக்குப் புரியாத மொழியில் பேச, நாம் வாய் பிளந்து பார்த்தோம்.

அப்புறம் எப்படிக் கதை புரிந்தது? புரியவில்லை. நாமே சொல்லிக்கொண்டோம். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் ஒரே எபிசோடுக்கு ஐந்து கதை உலவும். ஒருவன் கதையில் பகீரா, மோக்லிக்குத் தாய்மாமன். இன்னொருவன் கதையில் வாத்தியார். ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து வரும் பையனுக்கு இந்தி தெரியும். அவன் உண்மையான கதையைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டோம். அது சப்பென்று இருந்தது.

இந்த ரயில்வே பையனைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் தேவைப்படுவான்.

இரண்டாவது கேள்வி. அவையெல்லாம் நிஜமாகவே நல்ல நிகழ்ச்சிகளா?

இதற்குப் பரீட்சை 2020-ல் நடந்தது. ஊரடங்கு வந்ததும் தூர்தர்ஷன் பரணில் இருந்ததையெல்லாம் இறக்கியது. மார்ச் கடைசியில் ராமாயணம், மகாபாரதம். ஏப்ரலில் சக்திமான், ஜங்கிள் புக். அப்பாக்கள் பிள்ளைகளைக் கையைப் பிடித்து இழுத்துவந்து உட்கார வைத்தார்கள். பத்து நிமிஷத்தில் பிள்ளை எழுந்து போனது. அடுத்த பத்து நிமிஷத்தில் அப்பாவும் ஏதோ போன் வந்த மாதிரி எழுந்து போனார்.

இன்று பார்த்தால், ஹீ-மேன் ஒரே மாதிரி ஓடுகிறார். 'ஒரே மாதிரி' என்றால் நிஜமாகவே ஒரே படம்! அதைத் தயாரித்த ஃபில்மேஷன் நிறுவனம் செலவை மிச்சம் பிடிக்க, வரைந்த காட்சிகளையே திரும்பத் திரும்ப ஓட்டும். சக்திமானில் வில்லன்கள் பேசுகிறார்கள், பேசுகிறார்கள், பேசிக்கொண்டே இருக்கிறார்கள். அவர் பம்பரமாய்ச் சுழன்று வருவதற்குள் நமக்குத் தலை சுற்றுகிறது. டக் டேல்ஸ் இன்றைக்கும் தேறுகிறது. அதன் பின்னால் கார்ல் பார்க்ஸ் என்கிற மனிதர் 1947-ல் உருவாக்கிய கஞ்ச வாத்தும், அவர் வரைந்த நல்ல காமிக்ஸ் கதைகளும் இருந்தன. (அவ்வளவு தங்கத்தையும் வட்டிக்கு விடாமல் குவித்து வைத்து அதில் நீச்சல் அடிப்பது மட்டும் காமர்ஸ் படித்தவனுக்கு உறுத்தும்.) ஜங்கிள் புக்கும் தேறுகிறது. அதில் மோக்லி வளர்கிறான். வயதான ஓநாய் சாகிறது. ஒரு நாள் காட்டை விட்டுப் போக வேண்டியிருக்கிறது. குழந்தைகளிடம் அதை மறைக்காத தொடர் அது.

ஆக, பத்துக்கு இரண்டோ மூன்றோ பாஸ். எந்தக் காலத்து டி.வி.க்கும் இதுதான் மார்க். இன்றைய குழந்தைகள் பார்ப்பதிலும் பத்துக்கு இரண்டு, மூன்று நன்றாகத்தான் இருக்கிறது.

சரி, இவை எங்கிருந்து வந்தன? இங்கேதான் கணக்குப் புத்தகத்தைத் திறக்க வேண்டும்.

நமக்கு ஞாயிறு என்றால் அமெரிக்காவில் சனிக்கிழமை. 60களிலிருந்து அங்கே சனிக்கிழமைக் காலை என்றாலே கார்ட்டூன். குழந்தைகள் மேல் பாசத்தால் வந்த ஏற்பாடு அல்ல. பெரியவர்கள் போர்வைக்குள் இருக்கும் நேரம். பெரிய விளம்பரதாரர்கள் சீந்தாத நேரம். அதனால் சல்லிசு. அந்த நேரத்தில் விழித்திருப்பது குழந்தைகள் மட்டும் என்பதால், சர்க்கரை தூவிய சீரியலும் பொம்மையும் விற்பவர்களுக்கு அல்வா மாதிரி அமைந்தது.

ஹீ-மேன் இன்னும் ஒரு படி மேலே. மேட்டல் கம்பெனி 1982-ல் பொம்மையை விற்க ஆரம்பித்தது. கார்ட்டூன் வந்தது 1983-ல். அதாவது, கதைக்குப் பொம்மை செய்யவில்லை, பொம்மைக்குக் கதை செய்தார்கள். முழு நீள விளம்பரம் என்று அங்கே தாய்மார்களும் ஆசிரியர்களும் சண்டை போட்டார்கள். அரசாங்கம் 1984-ல் குழந்தை நிகழ்ச்சிகளுக்கு இருந்த விளம்பர வரம்பையே தூக்கிவிட்டது. 1990-ல்தான் சட்டம் போட்டு, வார இறுதி நாட்களில் மணிக்குப் பத்தரை நிமிஷத்துக்கு மேல் விளம்பரம் கூடாது என்று திரும்பக் கட்டினார்கள். பிறகு கேபிள் வந்தது, இன்டர்நெட் வந்தது. 2014 செப்டம்பர் 27-ம் தேதியோடு அமெரிக்காவின் பொது ஒளிபரப்பில் சனிக்கிழமைக் கார்ட்டூன் வரிசைக்கு மங்களம் பாடியாகிவிட்டது. அங்கேயும் நாற்பது வயசுக்காரர்கள் பெருமூச்சு விட்டார்கள்.

நம் ஊர் மட்டும் என்ன? 1997-ல் தொடங்கியபோது சக்திமான் சனிக்கிழமைக் காலையில்தான் வந்தார். பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டுப் பார்த்தவர்கள் உண்டு. தயாரித்து நடித்த முகேஷ் கன்னா, நேரத்துக்காகத் தூர்தர்ஷனுக்குப் பணம் கட்டியவர். அவர் பிற்பாடு பேட்டிகளில் சொன்ன கணக்குப்படி, சனிக்கிழமையில் 4 லட்சத்துக்குக் குறைவாக இருந்த கட்டணம், ஞாயிற்றுக்கிழமைக்கு மாறியதும் ஏறக்குறைய இரட்டிப்பானது. பிறகு 10 லட்சத்தையும் தாண்டியது. கட்டுப்படியாகாமல்தான் நிறுத்தினேன் என்கிறார். தீமையின் தலைவன் கில்விஷால் முடியாததைக் கட்டண விகிதம் முடித்துவிட்டது!

இதில் தப்பு ஒன்றும் இல்லை. வியாபாரம் வியாபாரம்தான். ஆனால், 'நம் காலத்தில் குழந்தைகளுக்காக அன்போடு எடுத்தார்கள், இப்போது எல்லாம் காசு' என்று சொல்லாதீர்கள். அப்போதும் காசுதான். சின்ன வயதில் நம்மிடம் பிஸ்கட் விற்றவர்கள், இப்போது அதே நினைப்பை டி-ஷர்ட்டாகவும் ரீமேக்காகவும் நமக்கே விற்கிறார்கள். அக்கவுன்டன்ஸியில் குட்வில் என்று ஒரு இனம் உண்டு. கண்ணால் பார்க்க முடியாது, கையால் தொட முடியாது, ஆனால் விலை உண்டு. நம் ஏக்கம் இன்னொருவருடைய பேலன்ஸ் ஷீட்டில் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறது.

விலை இல்லாத ஏக்கம் என்ன ஆகும்? அதற்கும் உதாரணம் இருக்கிறது. சென்னைத் தொலைக்காட்சியில் 'கண்மணிப் பூங்கா' என்று ஒன்று வந்தது, ஞாபகம் இருக்கிறதா? தமிழில், நம் குழந்தைகளுக்காக, நம் ஊரிலேயே எடுத்தது. நாம் கதை கட்ட வேண்டிய அவசியமே இல்லாமல் எல்லாம் புரிந்த நிகழ்ச்சி. உங்களுக்கு வந்த பட்டியலில் அது இருந்ததா? எனக்கு வந்த எதிலும் இல்லை. ஹீ-மேனுக்குப் பின்னால் ஒரு பொம்மைக் கம்பெனி இருக்கிறது. டக் டேல்ஸுக்கு டிஸ்னி இருக்கிறது. கண்மணிப் பூங்காவை வைத்து எவரும் எதையும் விற்க முடியாது. அதனால் யாரும் நமக்கு அதை ஞாபகப்படுத்தவில்லை. எதை நினைத்து ஏங்க வேண்டும் என்பதைக்கூட நாம் முடிவு செய்வதில்லை என்பது கொஞ்சம் அவமானமாக இல்லை?

மூன்றாவது கேள்வி. 'தெருவே ஒன்றாக உட்கார்ந்து பார்த்தோம்' என்கிறீர்களே, யார் யார் உட்கார்ந்தார்கள்?

எங்கள் தெருவில் டி.வி. இருந்தது மூன்று வீட்டில். ஒரு வீட்டில் தலைக்கு 25 காசு. ஒரு வீட்டில் கூடத்தில் உட்காரலாம். இன்னொரு வீட்டில் சில பிள்ளைகளுக்குக் கூடம், சில பிள்ளைகளுக்கு ஜன்னல். யாருக்குக் கூடம், யாருக்கு ஜன்னல் கம்பி என்று எவரும் வாயால் சொன்னதில்லை. எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஜன்னலில் நின்ற பிள்ளைக்கும் இன்று நாற்பத்தைந்து வயதிருக்கும். 'அந்தக் காலம் பொற்காலம்' என்கிற செய்தி அவருக்கும் போய்ச் சேரும். அவர் என்ன நினைப்பார்?

பெண் பிள்ளைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் ஆட்டுக்கல்லில் மாவு, கிணற்றடியில் வாரம் முழுக்கச் சேர்ந்த துணி. தம்பி கதை பார்ப்பான், அக்கா பாட்டை மட்டும் கேட்பாள். உங்கள் அம்மா இருந்தால் இன்று ராத்திரி ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "நாங்க ஜங்கிள் புக் பாக்கறப்ப நீ என்னம்மா பண்ணிட்டிருந்தே?" பதில் பெரும்பாலும் அடுப்படியில்தான் இருக்கும். அந்த ஒன்பதரை மணிக்கு நாம் உட்கார, வேறு யாரோ நின்றுகொண்டிருந்தார்கள்.

இவ்வளவும் கழித்தாகிவிட்டது. மிச்சம் ஒன்றுமே இல்லையா? பழைய நினைப்புதானா பேராண்டி?

இருக்கிறது. அந்த ஐந்து கதைகள். ரயில்வே பையன் சொன்ன உண்மைக் கதை ஜப்பானிலிருந்தும் பம்பாயிலிருந்தும் வந்தது. மற்ற ஐந்தும் நம் பள்ளிக்கூட வராந்தாவில் உற்பத்தியானவை. பகீராவைத் தாய்மாமன் ஆக்கியது குல்சார் அல்ல, நாம். மண்சட்டியைக் காட்டுக்குள் கொண்டுபோனது நாம். நிகழ்ச்சி பாதி தந்தது. மீதியை நாம் போட்டோம். இன்று திரும்பப் பார்த்தால் சப்பென்று இருப்பதற்குக் காரணமும் அதுதான். இப்போது இந்தி கொஞ்சம் புரிகிறது. நம் பாதிக்கு அங்கே இடம் இல்லை.

2007-ல் சுட்டி டி.வி. வந்த பிறகு டோராவும் புஜ்ஜியும் ஜாக்கி சானும் நல்ல தமிழ் பேசினார்கள். அதைப் பார்த்து வளர்ந்தவர்கள் இப்போது வேலைக்குப் போகிறார்கள். அவர்களும் 'எங்க காலத்துல...' என்று தொடங்கிவிட்டார்கள். டோரா திரையிலிருந்து கேள்வி கேட்டுவிட்டு நம் பதிலுக்காகக் காத்திருப்பாளே, அந்த இடைவெளியில் கத்திய குழந்தைகளுக்கு அதுதான் சொத்து. ஒவ்வொரு தலைமுறைக்கும் தான் நிரப்பிய இடம் மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது.

உங்கள் மகன் இப்போது செல்போனில் ஏதோ ஜப்பானிய அனிமே பார்த்துக்கொண்டிருப்பான். "என்னடா இது, கண்ணு பெருசு பெருசா வெச்சுக்கிட்டு கத்துதுங்க, எங்க ஜங்கிள் புக் மாதிரி வருமா?" என்று கேட்க வாய் வரும். கேட்காதீர்கள். உங்கள் மோக்லியும் ஜப்பான்காரன்தான். பக்கத்தில் உட்கார்ந்து, "கதையைச் சொல்லுடா" என்று மட்டும் கேளுங்கள். அவன் சொல்வதில் எவ்வளவு திரையில் இருப்பது, எவ்வளவு அவன் சேர்த்தது என்று சரிபார்க்க வேண்டாம். அது ரயில்வே பையனின் வேலை.