தையல் தெரியாத உடல்கள்

1936 ஜூனில் பிரெஞ்சுத் தொழிலாளர்கள் தொழிற்சாலைகளுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள். வாரத்துக்கு 40 மணி நேர வேலை, சம்பளத்தோடு இரண்டு வார விடுப்பு என்று சட்டம் வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் பாரிஸ் கார்க் கண்காட்சியில் ஃபிகோனி-ஃபலாஷி பட்டறை உடல் கட்டிய தெலாயே 135 வந்து நின்றது. சக்கரங்களையும் மூடிக்கொண்டு வழியும் தகடு. எங்கேயும் ஒட்டுத் தெரியாது.

அன்றைய பெரும் பணக்காரர்கள் பலர் முழுக் காராக வாங்கவில்லை. எஞ்சினும் அடிச்சட்டமும் தெலாயேயிடமோ டால்போ-லாகோவிடமோ. உடல் வேறொரு பட்டறையில். மரச்சட்டம், அதன்மேல் கையால் தட்டி வளைத்த தகடு, பற்றவைப்பு, அரம், உப்புத்தாள், பெயின்ட். நம்ம ஊர்ல டிங்கர் வேலைன்னு சொல்வோமே, அதுதான். தாங்கள் காருக்கு உடை தைப்பவர்கள் என்று ஃபலாஷி பெருமைப்பட்டார். அழகுப் போட்டிகளில் காரோடு, அதற்குப் பொருத்தமாக உடுத்திய பெண்ணும் நிறுத்தப்பட்டாள். தமிழில் தையல் என்றால் பெண்ணும்தான். காட்சிக்கு வைக்கப்பட்டவை இரண்டு உடல்கள்.

1955இல் வந்த சித்ரோயன் டி.எஸ். பற்றி எழுதிய ரோலான் பார்த், கார்களைக் கோதிக் தேவாலயங்களோடு ஒப்பிட்டார்: பெயர் தெரியாத கலைஞர்களின் படைப்புகள். மனிதக் கை கோத்துச் சேர்த்த தடத்தை வழவழப்பு மறைக்கிறது என்பதையும் கண்டுகொண்டார். ஆனால் அந்தப் பெயரின்மை எப்படி உற்பத்தியாகிறது என்று அக்கட்டுரை கேட்கவில்லை.

பட்டறைக்குள் போனால் விடை இருக்கிறது. ஃபிகோனி இத்தாலியிலிருந்து வந்தவர். சவுச்சிக் ரஷ்யப் பேரரசிலிருந்து வந்த மரத்தச்சர். முதலாளியானதும் அவர்கள் பெயர் காரில் ஏறியது. கூட நின்று சுத்தியல் பிடித்தவர்களின் பெயர் ஏறவில்லை. நல்ல வேலைக்காரன் தன் கைத்தடத்தைத் தானே தேய்த்து அழிக்க வேண்டும்; அதற்குத்தான் கூலி.

போருக்குப் பின் பெரிய எஞ்சின்களுக்கு வரி கூடியது. அடிச்சட்டமும் உடலும் ஒன்றேயான கார்கள் வந்தன. டி.எஸ். வந்த அதே 1955இல் சவுச்சிக் பட்டறை மூடப்பட்டது. 2022இல் ஃபிகோனி உடல் கட்டிய 1937 டால்போ-லாகோ ஒன்று சுமார் 1.34 கோடி டாலருக்கு ஏலம் போனது. இத்தகைய கார்களின் வரலாறு என்று எழுதப்படுவது பெரும்பாலும் உரிமையாளர்களின் வரிசைதான்.

முதலாளித்துவ ஆடம்பரம் என்று ஒதுக்கிவிட்டுப் போவது சுலபம், தோழரே. ஆனா அப்ப நாமும் வாங்கினவனை மட்டும்தான் பார்க்கிறோம். செஞ்சவன் இரண்டாவது தடவையும் காணாமப் போறான்.