தச்சர் இல்லத்தில் இறைவன்: தேம்பாவணியும் ஆவூர்ப் பாஸ்கும்

இறைவன் மனிதராகப் பிறந்தார் என்பது கிறித்தவ நம்பிக்கையின் மையம். அவர் சிற்றூர் ஒன்றில், கைத்தொழிலால் பிழைத்த ஒரு வீட்டில், ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஊரார் பொருட்படுத்தாத ஒருவராக வாழ்ந்தார் என்பதும் அந்நம்பிக்கையுள் அடங்கும். நற்செய்தி நூல்கள் அவ்வாண்டுகளைப் பற்றி மிகச் சிலவே கூறுகின்றன. வீரமாமுனிவர் 1726இல் இயற்றிய தேம்பாவணி அந்த மௌனத்தையே தன் களமாக்கிக்கொள்கிறது. 3 காண்டம், 36 படலம், 3615 பாடல் என விரியும் இக்காப்பியத்தின் தலைவர் இயேசு அல்லர்; அவரை வளர்த்த சூசை. நூலுள் அவர் வளன் எனப்படுகிறார்.

இத்தேர்வு இலக்கணச் சிக்கல் ஒன்றைத் தோற்றுவிக்கிறது. பெருங்காப்பியத்துக்குத் தன்னிகரில்லாத் தலைவனை வேண்டுகிறது தண்டியலங்காரம். விவிலியம் காட்டும் சூசையோ தச்சர். முனிவர் கையாளும் முதல் வழி மரபுவழிப்பட்டது. வளன் தாவீது அரசரின் வழித்தோன்றலாகப் போற்றப்படுகிறார்; நாட்டுப் படலத்தில் தொடங்கும் நூல் முடிசூட்டுப் படலத்தில் நிறைவுறுகிறது. யூதேய நாடும் தமிழ் மருதநிலத்தின் செழிப்பைப் பெற்றுவிடுகிறது. இப்பகுதிகளை மட்டும் பயில்வோர்க்கு, எளிய வாழ்வில் இறைவன் பங்கேற்றார் என்னும் கருத்தைக் காப்பிய அணிகள் மூடிவிட்டன என்றே தோன்றும். கம்பனின் சாயலைத் தேடுவதில் ஆய்வாளர் ஆர்வம் காட்டியுள்ளனர்; இம்முரணும் கருதத்தக்கது.

முரணுக்கு விடை இரண்டு இடங்களில் உள்ளது. முதலாவது, ஐயந்தோற்று படலம். மரியா கருவுற்றதை அறிந்த கணவரின் கலக்கத்தை மத்தேயு நற்செய்தி சில வசனங்களில் முடித்துவிடுகிறது. முனிவரோ ஐயம் தோன்றுவதற்கு ஒரு படலமும் அது நீங்குவதற்கு மற்றொரு படலமும் ஒதுக்குகிறார். இறைவனின் வருகை இவ்வீட்டில் முதலில் உணரப்படுவது மகிழ்ச்சியாக அன்று. எந்தக் குடும்பத்தையும் குலைக்கவல்ல ஐயமாக. அரச மரபு இங்கு வளனுக்குத் துணைசெய்வதில்லை. இரண்டாவது, வளனின் பிணியும் இறப்பும். நற்செய்திகள் முற்றிலும் சொல்லாத நிகழ்ச்சி இது. நோயுற்றவரின் அருகில் இறைமகன் ஒரு வீட்டுப்பிள்ளையாக இருக்கிறார். பிணி தீர்க்கும் ஆற்றலுடையவர் பிணியாளருடன் காத்திருக்கும் இவ்விடமே, முடிசூட்டைக் காட்டிலும், காப்பியத்தின் உச்சம் எனல் வேண்டும்.

காப்பியம் கற்றோர்க்கு உரியது; இதே நம்பிக்கையை ஊரார் தம் உடலால் நிகழ்த்திக்காட்டும் வடிவம் பாஸ்கு. மதுரை மறைப்பணித் தளத்தின் பழைய நிலையங்களுள் ஒன்றும், வீரமாமுனிவர் பணியாற்றிய ஊராகக் கூறப்படுவதுமாகிய ஆவூர், இன்றைய புதுக்கோட்டை மாவட்டத்தில் உள்ளது. அங்குப் பெரியநாயகி மாதா ஆலயத்தின் உயிர்ப்புப் பெருவிழாவையொட்டிப் பாஸ்கும் தேரும் நடைபெறுகின்றன. பல சமூகத்தாரும் கலந்துகொள்கின்றனர். காப்பியத்தில் தச்சரை உயர்த்தியே தலைவராக்க வேண்டியிருந்தது. பாஸ்கில் அத்தேவை எழுவதில்லை. நேற்றுவரை தெருவில் கண்ட ஒருவரே மேடையில் சிலுவை சுமக்கிறார். எளிமையை வருணிக்கும் பணி அங்கு நடிப்பவரின் உடலுக்கே விடப்படுகிறது.

எனினும் பாஸ்கைக் காப்பியத்துக்கு மாற்றாகக் கொள்ள இயலாது. அது பாடுகளின் கதை. வீட்டின் கதை அன்று. அதன் நிகழ்ச்சிகள் தொடங்கும் காலத்தில் சூசை உயிருடன் இல்லை என்பதே திருச்சபை மரபு. சிலுவையடியில் மரியா கணவரின்றி நிற்கிறார். அவ்வெறுமைக்கு முந்தைய ஆண்டுகளைத் தமிழில் விரித்துக் கூறியது தேம்பாவணி.