விழிப்பும் மயக்கமும்

1970 செப்டம்பர் 28இல் எகிப்திய அதிபர் ஜமால் அப்துன் நாசர் மறைந்தார். அக்டோபர் முதல் நாள் கெய்ரோவில் அன்னாரின் ஜனாஸாவுடன் திரண்ட பல இலட்சம் மக்கள் கூலிக்கு அழுதவர்கள் அல்லர். நிலச் சீர்திருத்தத்தால் காணி பெற்ற உழவன் எங்ஙனம் அழாதிருப்பான்? சூயஸ் கால்வாய் நாட்டுடைமையானபோது தலைநிமிர்ந்தவன் எங்ஙனம் அழாதிருப்பான்? 1966இல் சையித் குதுபைத் தூக்குமரத்துக்குப் பறிகொடுத்த இக்வான்களிடமோ கண்ணீரை எவரும் எதிர்பார்த்திருக்க முடியாது. இவ்விரு சாராரையும் நாம் குறைகூறோம்.

நம்மை உறுத்துவது தவ்பீக் அல்ஹகீமின் எழுதுகோலே. நாசர் மறைந்தவுடன் உருகி இரங்கல் எழுதி, சிலை எழுப்பவேண்டும் என்றவர் அவர். 1974இல் வெளிவந்த ‘அவ்தத்துல் வஅய்’, அதாவது விழிப்பின் மீட்சி என்னும் நூலிலோ, அவ்வாட்சியில் தாமும் நாட்டினரும் மயங்கி உணர்விழந்திருந்ததாகக் கூறுகிறார். தனியொருவர் ஆட்சியின் கேடுகளைப்பற்றி அந்நூல் கூறுவன பலவும் மெய்யே. மயங்கினோம் என்பதைத்தான் நம்மால் ஏற்க இயலவில்லை.

1960இல் அவரே எழுதிய ‘அஸ்ஸுல்தானுல் ஹாயிர்’ நாடகத்தைப் பாருங்கள். விடுதலை செய்யப்படாத அடிமையே அரியணையில் இருக்கிறான் எனத் தெரியவருகிறது. அவன் வாளை நம்புவதா, சட்டத்துக்குப் பணிந்து ஏலத்தில் விற்கப்படுவதா? ஆள்வோன் செவியில் விழும்படி இவ்வினாவை எழுப்பியவரா உணர்விழந்திருந்தார்? அஞ்சியிருக்கலாம்; அது மனித இயல்பு. ஆனால் அச்சத்துக்கு மயக்கமென்று பெயரிட்டு, அதில் நாட்டையே சேர்த்துக்கொள்கிறாரே! அன்று சிறைகளில் கிடந்தோர் ஒருநாளும் மயங்கியிருக்கவில்லை.