இராசம்மாவும் ருக்மணி தேவியும்

திரை நடிகர்தம் புகழ் கலையினால் அன்றிப் புறக்கோலத்தினாலேயே நிலைபெறுகின்றது என்பாருளர். இதனை முற்றும் பொய்யென ஒதுக்குதல் இயலாது. எம். கே. தியாகராஜ பாகவதரின் பாட்டினை மறந்தோரும், தோள்வரை தொங்கிய அவர் தலைமயிரைப் ‘பாகவதர் கிராப்பு’ என்று பெயர் சுட்டி நினைவுகூர்வர். 1944ஆம் ஆண்டுத் தீபாவளியில் வெளிவந்த ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே அரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்ட காலத்தில், அத்தலைமயிரை வளர்த்துக்கொண்ட இளைஞர் பலர். பாடும் வல்லமை எல்லார்க்கும் வாய்ப்பதன்று. மயிர் வளர்த்தலோ எவர்க்கும் எளிது.

ஆயின், கோலத்திற்கும் கலைக்கும் உள்ள உறவினை ஆராய்வோர் கடல் கடந்து செல்லவேண்டுவதில்லை. கொள்ளுப்பிட்டிக்குத் தெற்கே, காலி வீதியை அடுத்த வெள்ளவத்தையிற் பள்ளி சென்ற ஒரு சிறுமியின் வரலாறே அதற்குப் போதும். நுவரெலியாவைச் சார்ந்த இறம்பொடையில் 1923ஆம் ஆண்டு, கொழும்புச் செட்டிச் சமூகத்துக் கிறித்தவக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் டெய்சி இராசம்மா டானியேல்ஸ். இலங்கை அவரை அறிந்ததோ ருக்மணி தேவி என்னும் பெயரால். சிங்களத் திரையின் முதற் கதாநாயகி அவரே.

அவரது கவர்ச்சி எவ்வெவற்றால் ஆயது என்பதை ஒவ்வொன்றாகப் பிரித்து நோக்கின் வியப்பே மிஞ்சும். பெயர் கண்ணபிரான் தேவியின் பெயர். சிறு வயதில் அவர் மேடையேறியது இராமாயண நாடகத்திற் சீதையாக. எச். டபிள்யூ. ரூபசிங்கவுடன் சேர்ந்து அவர் பாடிய முதல் இசைத்தட்டுப் பாடல் புத்தகயாவைப் போற்றும் பௌத்த பக்திப் பாடல். திரையில் அவர் முகத்தை ஒளியூட்டிக் காட்டியது மதுரை. 1947ஆம் ஆண்டு ஜனவரி 21ஆம் நாள் கொட்டாஞ்சேனையில் முதன்முதலாகத் திரையிடப்பட்ட ‘கடவுணு பொறொந்துவ’, அதாவது ‘முறிந்த வாக்குறுதி’, சிங்களம் பேசிய முதற் படமாயினும், அதனைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்னும் தமிழர். படம் பிடிக்கப்பட்டது மதுரையிலிருந்த அவரது சித்திரகலா மூவிடோன் கலையகத்தில். இயக்கியவர் ஜோதிஷ் சிங் என்னும் வங்காளி. கதை மட்டும் நீர்கொழும்பு மினர்வா நாடகக் குழுவினர் நெடுங்காலம் மேடையில் நடித்துப் பழகிய ஜயமான்ன சகோதரரின் நாடகம். இவ்வாறு பலர் கை கூடி நெய்த ஆடையைத் தன் இயல்பான ஆடையே போல உடுத்தி நின்றமைதான் ருக்மணி தேவியின் முதல் வெற்றி.

அவர் நடிப்பைக் குறையின்றிப் புகழ்தல் நேர்மையாகாது. மினர்வா நாடகங்களின் உரத்த சோகமும், ஏங்கி நின்று வசனம் உரைக்கும் வழக்கமும் அவரைத் திரையிலும் விடவில்லை. படங்கள்தாமும் பெரும்பாலும் கண்ணீர்க் கதைகளே. ஆயினும், பாடத் தொடங்கியதும் மேடைச் செயற்கை அகன்றுவிடும். அக்குரலில் ஒரு கனிவும், சற்றே கனத்த துயரும் உண்டு. மெட்டுக்கள் வட இந்தியப் படங்களைத் தழுவியன என்று குறை கூறியோர் பலர். குரலைக் கடன் வாங்கியது என்று கூறியோர் ஒருவருமிலர்.

காதலைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். நட்சத்திரங்களின் வாழ்க்கைக் காதலும் திரைக் காதலும் ஒன்றையொன்று வளர்ப்பது சென்னைத் திரையுலகின் வழக்கம். 1952இல் ஜெமினி கணேசனை மறைவாக மணந்த சாவித்திரி, லக்ஸ் சவர்க்கார விளம்பரத்தில் ‘சாவித்திரி கணேஷ்’ எனக் கையொப்பமிட்டபோதே உலகம் அச்செய்தியை அறிந்தது என்பர். சவர்க்காரமும் திருமணமும் ஒரே தாளில் விளம்பரமான காலம் அது! 1953இல் வெளிவந்த ‘மனம்போல மாங்கல்யம்’ முதலிய படங்களில் அவ்விருவரையும் கண்டோர், நடிப்பைக் காண்கின்றோமா வாழ்க்கையைக் காண்கின்றோமா என மயங்கினர்.

ருக்மணி தேவியின் நிலை இதற்கு நேர்மாறு. அவர் மணந்தது மேடைத் தோழர் எடி ஜயமான்னவை. எடியோ நகைச்சுவை நடிகர். முதற் படத்திலேயே கணவர் சிரிப்பூட்டும் வேலைக்காரன். மனைவி சோகக் கதாநாயகி. கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனும் டி. ஏ. மதுரமும் இருவருமே நகைச்சுவையில் இணைந்தமையால் அவர்தம் இல்லறம் திரையிலும் இல்லறமாகவே தோன்றியது. இங்கே அவ்வாய்ப்பு இல்லை. காதலன் வேறொருவனாக, உண்மைக் கணவர் பக்கத்தில் நின்று கூட்டத்தைச் சிரிக்க வைத்தார். இரசிகர் அதனாற் குழம்பவில்லை. வாழ்க்கையிலிருந்து காதலைக் கடன் பெறாமல், பாட்டொன்றினாலேயே காதலை நம்பச் செய்த நடிகை என்ற வகையில் அவர் சாவித்திரியினும் அரிய பணியொன்றைச் செய்தார் எனலாம். நடிப்பாற்றலில் சாவித்திரிக்கு அவர் நிகரல்லர் என்பது வேறு.

1956இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் ‘ரேகாவ’ கலையகச் சுவர்களை விட்டு வெளியேறிக் கிராமத்தின் வெயிலிற் படமாக்கப்பட்டது. அதன் பின்னர், தென்னிந்தியக் கலையகங்களில் உருவான பழைய படங்களைப் போலிகள் என எள்ளுதல் சிங்கள விமரிசகர்க்கு மரபாயிற்று. அக்குற்றச்சாட்டில் உண்மையுண்டு. ஆயினும் அப்போலியின் நடுவே நின்ற பெண் தமிழ்க் குடியிற் பிறந்தவர் என்பதை அவர்கள் பெரிதாகப் பேசுவதில்லை. தமிழரும் அவரைத் தம் கலை வரலாற்றிற் சேர்ப்பதில்லை. அவர் புகழ் சிங்களத்தில் விளைந்ததன்றோ! ஒரு சாரார் இராசம்மாவை மறந்தனர். மறு சாரார் ருக்மணி தேவியைக் காணவில்லை. நாகரிகமும் கவர்ச்சியும் பற்றி ஏடு நிரம்ப எழுதுவோரும் இவ்விடத்தில் வாய் திறவார்.

1983 ஜூலையில் கே. குணரத்தினத்தின் ஹெந்தளை விஜயா கலையகம் எரியூட்டப்பட்டபோது, தமிழர் ஒருவரின் உடைமையென்று எரித்தோர் எரித்த அக்கட்டடத்தினுள் சிங்களப் படங்கள் பலவற்றின் மூலச் சுருள்களும் சாம்பலாயின. ஒப்பனையும் ஒளியும் ஏறிய முகங்கள் அவ்வாறு அழியக்கூடியன. குரல் இசைத்தட்டிலும் வானொலியிலும் பரவிப் பல இல்லங்களில் ஒதுங்கிக்கொண்டது.

பிற்காலத்தில் அவர்க்குப் படவாய்ப்புகள் குறைந்தன. ஊர் ஊராக இசை நிகழ்ச்சிகளுக்குச் சென்று பாடினார். 1978ஆம் ஆண்டு ஒக்டோபர் 28ஆம் நாள், மாத்தறையில் அவ்வாறு பாடிவிட்டு நீர்கொழும்புக்குத் திரும்புகையில், ஜா-எலவை அடுத்த துடெல்லையில் வண்டி விபத்துக்குள்ளாகி உயிர் நீத்தார். அப்போது அவர்க்கு அகவை 55. வீட்டை அடையச் சிறிது தூரமே எஞ்சியிருந்தது.