வினையூக்கி எரிபொருள் ஆகுமா?

1996-ல் ராஜபாளையம் பக்கத்து ராமர் பிள்ளை, தண்ணீரில் மூலிகை போட்டு பெட்ரோல் எடுப்பதாகச் சொன்னார். 2016-ல் சென்னை நீதிமன்றம் அவருக்கு 3 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. ஆனாலும் அந்தப் பேச்சு ஓயல. இப்போ மூலிகை இருந்த இடத்துல வினையூக்கி வந்திருக்கு: "தண்ணியும் காத்தும் போதும்!"

விருத்தாசலத்துப் பீங்கான் சூளைக்காரர் இதை நம்பி முதல் போட்டா என்ன ஆகும்? தண்ணீர் என்பது ஹைட்ரஜன் எரிந்து முடிந்த சாம்பல் மாதிரி. கார்பன் டை ஆக்சைடு, கரி எரிந்த மிச்சம். இவற்றைத் திரும்ப எரிபொருளாக்க, எரிந்தபோது வெளியேறிய ஆற்றலைத் திருப்பிக் கொடுத்தே ஆகணும். வினையூக்கி வேதிவினையை வேகப்படுத்தும், அவ்வளவுதான், ஆற்றல் தராது.

கணக்கும் அதைத்தான் சொல்லுது. 1 கிலோ ஹைட்ரஜன் எரிந்தால் கிடைப்பது சுமார் 33 யூனிட். அதைத் தண்ணீரிலிருந்து பிரிக்க இன்றைய வழக்கமான கருவிகளுக்கு சுமார் 50 யூனிட் மின்சாரம் வேணும். அப்படியிருக்க, வாங்கின மின்சாரத்தை நேரா சூளைக்கே விட்டா என்ன?

சிலி நாட்டு ஹாரு ஓனி ஆலை 2022-ல் தண்ணீரையும் கார்பன் டை ஆக்சைடையும் வைத்து பெட்ரோல் தயாரித்தது உண்மை. ஆனால் அதற்கான ஆற்றல் காற்றாலை மின்சாரத்திலிருந்து வந்தது. ஆக, இது நடக்கக்கூடியதுதான், இலவசமா நடக்காது. யாராவது செய்து காட்ட வந்தால், வினையூக்கியின் பேரை அப்புறம் கேட்கலாம். எத்தனை யூனிட் உள்ளே போச்சு, எத்தனை வெளியே வந்துச்சுன்னு முதல்ல கேளுங்க.