2.0 திரைப்படம்: வியந்தவர்களும் சலித்தவர்களும்

2.0 என்பது ஷங்கர் இயக்கத்தில் 2018 நவம்பர் 29 அன்று வெளியான தமிழ் அறிவியல் புனைவுத் திரைப்படம். 2010 அக்டோபர் 1 அன்று வெளியான எந்திரன் படத்தின் தொடர்ச்சி இது. லைகா நிறுவனம் தயாரித்தது. இரஜினிகாந்த், அக்‌ஷய் குமார், எமி ஜாக்சன் ஆகியோர் நடித்தனர். இசை ஏ. ஆர். இரகுமான், ஒளிப்பதிவு நீரவ் ஷா, ஒலி வடிவமைப்பு ரசூல் பூக்குட்டி, காட்சி விளைவு மேற்பார்வை வி. சீனிவாச மோகன். வெளியான நாளில் இந்தியாவிலேயே அதிகச் செலவில் எடுக்கப்பட்ட படம் என்று பேசப்பட்டது.

படம் வெளிவந்ததும் பார்த்தவர்கள் இரண்டாகப் பிரிந்தனர். காட்சிகளைக் கண்டு மலைத்தவர்கள் ஒரு பக்கம். கதையில் உயிர் இல்லை என்று சலித்துக்கொண்டவர்கள் மறுபக்கம். ‘படம் பிரமாண்டம், கதை சுமார்’ என்று ஒரே வரியில் சொல்லி முடிப்பது அப்போது வழக்கமாக இருந்தது. அந்த ஒரு வரி போதாது என்பதே இக்கட்டுரையின் கருத்து. இரு தரப்பும் குறிப்பிட்டது படத்தின் ஒரே குறையைத்தான். இதை விளக்க வடசென்னையின் புளியந்தோப்பு வட்டாரம் நல்ல எடுத்துக்காட்டு. பறவை வளர்ப்பு, கைப்பேசிக் கோபுரம், இரஜினி இரசிகர் கூட்டம் ஆகிய மூன்றும் நெருக்கமாகச் சேர்ந்திருக்கும் பகுதி அது.

எந்திரனிலிருந்து 2.0 வரை

எந்திரன் படத்தின் வலிமை சிட்டி என்ற இயந்திர மனிதனின் மனத்தில் இருந்தது. கட்டளைக்குக் கீழ்ப்படியும் இயந்திரமாகப் பிறந்த சிட்டி, உணர்வு பெறுகிறது, காதலிக்கிறது, பொறாமைப்படுகிறது, கெட்டுப்போகிறது. கடைசியில் நீதிமன்ற ஆணைப்படி தன்னைத்தானே கழற்றி வைக்கிறது. எழுத்தாளர் சுஜாதாவின் கை அதில் இருந்தது. அவர் 2008 பிப்ரவரியில் காலமானார். படத்தின் நகைச்சுவையும் அறிவியல் விளக்கமும் எளிமையாக அமைந்ததற்கு அவரும் ஒரு காரணம். சிறப்புக் காட்சி விளைவு, தயாரிப்பு வடிவமைப்பு ஆகிய இரண்டுக்கும் தேசிய விருதுகள் கிடைத்தன.

2.0 படத்தின் வசனத்தில் ஜெயமோகன் பங்களித்தார். இதில் கதையின் மையம் இடம் மாறியது. கைப்பேசிகள் திடீரென்று மக்கள் கையிலிருந்து பறந்து மறைகின்றன. கைப்பேசி வணிகர், தொலைத்தொடர்பு நிறுவன முதலாளி, அமைச்சர் என்று வரிசையாகக் கொல்லப்படுகின்றனர். காரணம் பக்‌ஷிராஜன் என்ற முதிய பறவையியலாளரின் ஆவி. கைப்பேசிக் கோபுரத்தின் கதிர்வீச்சால் தன் பறவைகள் சாவதைக் கண்டு, எல்லா வாசல்களையும் தட்டிப் பார்த்து, எங்கும் நீதி கிடைக்காமல், அதே கோபுரத்தில் தூக்கிட்டு இறந்தவர் அவர். அந்த ஆவியை அடக்க வசீகரன் சிட்டியை மீண்டும் உயிர்ப்பிக்கிறார்.

முதல் படத்தில் இயந்திரத்துக்கு இருந்த ஆசையும் துயரமும் இரண்டாம் படத்தில் பறவை மனிதருக்குப் போய்விட்டன. சிட்டி இப்போது அழைத்தால் வரும் காவலன். சிவப்புச் சில்லு பொருத்தியதும் திமிரும் கிண்டலும் வருகின்றன. ஆனால் அதன் மனத்தில் எந்தப் போராட்டமும் இல்லை. முதல் படத்தின் நாயகி சனா இதில் தொலைபேசிக் குரலாக மட்டும் வந்து போகிறாள். எந்திரனை விரும்பியவர்கள் ‘எதையோ காணோம்’ என்று சொன்னதற்குக் காரணம் இதுதான்.

காட்சியமைப்பு

2.0 தொடக்கத்திலிருந்தே 3டி கருவிகளைக் கொண்டு படமாக்கப்பட்டது. சாதாரணமாக எடுத்துவிட்டுப் பிறகு 3டி ஆக மாற்றும் வழக்கத்திலிருந்து இது வேறுபட்டது. சாலையை நிறைத்து ஊர்ந்து வரும் கைப்பேசிகளின் ஒளித்திரைகள், ஆயிரக்கணக்கான கைப்பேசிகள் ஒன்று சேர்ந்து இறக்கை விரிக்கும் இராட்சதப் பறவை, விளையாட்டரங்கில் நடக்கும் இறுதி மோதல் ஆகியவை தமிழ்த் திரையில் அதுவரை காணாதவை. கைப்பேசி என்ற அன்றாடப் பொருளையே செதிலாகவும் இறகாகவும் ஆக்கியது நல்ல கற்பனை. எல்லோர் சட்டைப் பையிலும் இருக்கும் பொருள் என்பதால், அந்த உருவம் எவருக்கும் விளக்கம் இல்லாமலே அச்சம் தந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்தப் படத்தின் சிறந்த காட்சிகளில் பெரும்பாலானவை பக்‌ஷிராஜனுக்கு உரியவை. பறவை உருவம் அவருடையது, கைப்பேசிக் கடல் அவருடையது, மணிக்கணக்கான ஒப்பனையில் உருவான கழுகு முகமும் அவருடையது. நா. முத்துக்குமார் எழுதி, பம்பா பாக்யாவின் கனத்த குரலில் ஒலிக்கும் ‘புள்ளினங்காள்’ பாடலும் அவருக்குத்தான். ஒளியும் ஒலியும் பறவையின் பக்கம் நிற்கின்றன. கதை மட்டும் சிட்டியின் பக்கம் நிற்கிறது.

இரண்டு தரப்பும் சொன்னவை

படத்தைக் கொண்டாடியவர்கள் திரையரங்கு அனுபவத்தை முன்வைத்தனர். ஹாலிவுட்டில் பல மடங்கு செலவில் செய்வதை இங்கே செய்து காட்டியதைப் பெருமையாகப் பேசினர். குழந்தைகள் கண்ணாடி அணிந்து கை நீட்டிப் பறவையைத் தொட முயன்றதையே போதுமான மகிழ்ச்சியாகக் கொண்ட குடும்பங்கள் பல. கடைசி அரை மணி நேரத்தில் வரும் சிட்டியின் சேட்டைகள் இரஜினி இரசிகர்களுக்கு விருந்தாக அமைந்தன.

குறை சொன்னவர்கள் முதல் பாதியின் ஒரே மாதிரியான கொலைகளையும், ‘ஆரா’, ‘போட்டான்’ என்று நீளும் விளக்கங்களையும், உணர்வு ஒட்டாத நாயகனையும் சுட்டினர். சிலர் பறவைகளின் சாவை ஆவிக்கதை ஆக்கியதே தவறு என்றனர்.

எங்கே, எப்படிப் பார்த்தோம் என்பதும் கருத்தைத் தீர்மானித்தது. இப்படத்துக்காகத் தமிழ்நாட்டில் பல திரையரங்குகள் 3டி கருவிகளைப் பொருத்தின. ஆனாலும் 2டி-யில் பார்த்தவர்களும் ஏராளம். 3டி கண்ணாடி திரையின் வெளிச்சத்தில் பாதிக்கு மேல் குறைத்துவிடும். விளக்கு மங்கிய பழைய அரங்கில் அது இருட்டாகத் தெரியும். மறுபுறம், ஆழத்துக்காக அமைத்த காட்சியை 2டி-யில் பார்த்தால் பொருள்கள் காரணமின்றிக் கண்ணை நோக்கி நீட்டப்படுவதாகத் தோன்றும். ஆகவே ஒரே படத்தைப் பார்த்துவிட்டு இருவர் சண்டையிட்டபோது, அவர்கள் பார்த்தது உண்மையில் இரு வேறு படங்களாகவும் இருந்திருக்கலாம்.

இப்படிப்பட்ட பிளவு தமிழுக்கு மட்டும் உரியதன்று. 1982-இல் வந்த டிரான் படத்துக்கு 28 ஆண்டுகள் கழித்து வந்த டிரான்: லெகசி (2010) காட்சிக்கும் இசைக்கும் புகழப்பட்டு, கதைக்கு ஏசப்பட்டது. பிளேடு ரன்னர் 2049 (2017) ஒளிப்பதிவுக்கும் காட்சி விளைவுக்கும் ஆஸ்கர் விருது பெற்றும் எதிர்பார்த்த வசூலைப் பெறவில்லை. தொடர்ச்சிப் படம் எடுப்பவர்களுக்குக் கருவி வளர்ந்திருக்கும். முதல் படத்தைப் பார்த்தவர்களுக்கோ பழைய பாசம் வளர்ந்திருக்கும். இரண்டும் ஒன்றையொன்று தேடி ஏமாறுவது உண்டு.

புளியந்தோப்பு மாடிகளிலிருந்து

புளியந்தோப்பு, பட்டாளம், ஓட்டேரி, வியாசர்பாடி, இராயபுரம் பகுதிகளில் மொட்டை மாடியில் புறாக் கூண்டு வைப்பது பழைய வழக்கம். கர்ணப் புறா, சாதாப் புறா, ஹோமர் என்று வகை பிரித்து வளர்ப்பார்கள். பந்தயம் விடுவார்கள். அதிகாலையில் பறக்கவிட்ட புறா எத்தனை மணி நேரம் வானில் நின்றது, எத்தனை கல் தொலைவிலிருந்து வீடு திரும்பியது என்பதில் அந்தத் தெருவின் மானமே அடங்கியிருக்கும். அதே மாடி வரிசையில்தான் கைப்பேசிக் கோபுரமும் நிற்கும். மாத வாடகை வருகிறது என்று வீட்டுக்காரர் இடம் கொடுத்திருப்பார்.

இங்கிருந்து பார்த்தால் பக்‌ஷிராஜன் அயலான் ஆகத் தெரிய மாட்டார். வீடு திரும்பாத புறாவுக்காக இருட்டும்வரை வானத்தைப் பார்த்து நிற்பது இவ்வட்டார மக்கள் அறிந்த வேதனை. அவர் பறவைக் குஞ்சைக் கையில் ஏந்தி நிற்கும் காட்சிக்குத் தனிப்பட்ட பொருள் இங்கே உண்டு.

இதனால் படத்தின் முடிவுக் கட்டம் இவ்வட்டாரப் பார்வையாளரைச் சங்கடத்தில் நிறுத்துகிறது. பக்‌ஷிராஜனை வீழ்த்தக் குட்டி 3.0 என்ற நுண் இயந்திரர்கள் புறாக்களின் மீது ஏறி வருகின்றனர். அந்தப் புறாக்களைக் கொன்றுவிடுவோம் என்று மிரட்டியே அவரைப் பணிய வைக்கின்றனர். அரங்கு சிரிக்கிறது. குட்டிகளின் குறும்பும் இரஜினியின் குரலும் சேர்ந்து அதை நகைச்சுவை ஆக்கிவிடுகின்றன. ஆனால் நடப்பது என்ன? பறவையை நேசிப்பதே ஒருவரின் பலவீனமாக்கப்பட்டு, அதைப் பிடித்து அவரை நாயகன் தோற்கடிக்கிறான். உயிரின் மீது இரக்கம் காட்டியவர் தோற்க, உயிரைப் பணயம் வைத்தவர் வெல்கிறார். படம் இதை ஒரு கணமும் நின்று யோசிக்கவில்லை.

இன்னொரு ஒப்பீடும் இங்கே தவிர்க்க முடியாதது. 2.0 வெளியாவதற்கு ஆறு வாரம் முன்பு, 2018 அக்டோபர் 17 அன்று வெற்றிமாறனின் வடசென்னை வந்தது. கடலோர மக்களின் இடத்தைப் பறிக்கும் வளர்ச்சியைப் பற்றிய படம் அது. அதை அடுத்தே 2.0 பார்த்தவர்கள், ‘வளர்ச்சியால் இழந்தவன் பேசினால் அவனை யார் கேட்பது’ என்ற கேள்வியோடு போயிருப்பார்கள். 2.0 அந்தக் கேள்வியை எழுப்பிவிட்டுச் சண்டைக் காட்சிக்குள் நுழைந்துகொண்டது.

பறவையும் கோபுரமும்: அறிவியல் சொல்வது

பக்‌ஷிராஜன் பாத்திரம் பறவையியலாளர் சாலிம் அலியை (1896–1987) நினைவூட்டும் தோற்றத்தில் அமைந்தது. படம் வெளியாகும் முன்பே, கைப்பேசி பற்றித் தவறான அச்சம் பரப்புகிறது என்று தொலைத்தொடர்பு நிறுவனங்களின் சங்கம் தணிக்கை வாரியத்திடம் புகார் அளித்தது. ஆகவே இதன் அறிவியலைக் கேட்பது பொருத்தமே.

கோபுரக் கதிர்வீச்சின் தாக்கம் பற்றிய கேள்வி கற்பனையானது அன்று. இந்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2010-இல் பறவைகள், தேனீக்கள் மீதான தாக்கத்தை ஆராய நிபுணர் குழு அமைத்தது. 2012 செப்டம்பர் 1 முதல் கோபுரங்களுக்கான கதிர்வீச்சு வரம்பு, பன்னாட்டுப் பரிந்துரையில் பத்தில் ஒரு பங்காக இந்தியாவில் குறைக்கப்பட்டது. ஜெர்மனியின் ஓல்டன்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், நகரத்து மின்காந்த இரைச்சல் ஐரோப்பிய ராபின் பறவையின் காந்தத் திசையறிவைக் குலைப்பதைக் காட்டினர். ஆனால் அந்த அலைகள் நடுத்தர அலை வானொலியும் மின் கருவிகளும் வெளியிடும் வகையைச் சேர்ந்தவை. கைப்பேசி அலைவரிசை அவற்றைவிடப் பல மடங்கு உயர்ந்தது.

சிட்டுக்குருவியைப் பொறுத்தவரை, 2020-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, நாடு முழுவதும் அதன் எண்ணிக்கை பெரும்பாலும் நிலையாக இருப்பதாகவும், பெருநகரங்களில் மட்டும் குறைந்துள்ளதாகவும் கூறியது. கைப்பேசிக் கதிர்வீச்சைக் காரணமாகக் காட்டச் சான்று இல்லை என்றும் தெரிவித்தது. கூடு கட்ட இடம் இல்லாமையும், குஞ்சுக்கு ஊட்டப் பூச்சி கிடைக்காமையும் முக்கியக் காரணங்களாகக் கருதப்படுகின்றன. ஓட்டு வீட்டு இறவாணமும் சுவர்ப் பொந்தும் மறைந்து, சந்து இல்லாத கான்கிரீட் அடுக்ககங்கள் எழுந்த புளியந்தோப்பு போன்ற பகுதிகளில் இதைக் கண்ணாலேயே காணலாம்.

படம் இந்தச் சிக்கலான உண்மையை ஒற்றைக் குற்றவாளியாகச் சுருக்கியது. அதனால் இரண்டு இழப்புகள். உண்மையான காரணங்கள் மறைந்தன. குற்றச்சாட்டு மிகையானது என்று தெரிந்தவர்கள் பக்‌ஷிராஜனின் நியாயமான கோபத்தையும் சேர்த்தே தள்ளிவிட்டனர்.

மதிப்பீடு

66-ஆவது தேசிய விருதுகளில் காட்சி விளைவுக்கான விருது கன்னடத்தின் கே.ஜி.எஃப். படத்துக்கும் தெலுங்கின் ஆவ் படத்துக்கும் போனது. 2019 செப்டம்பரில் சீனாவில் வெளியானபோதும் 2.0 எடுபடவில்லை. இருந்தாலும் தமிழ்த் திரைத் தொழில்நுட்பத்தில் அதன் இடம் உறுதியானது. முழு நீளப் படம் ஒன்றை 3டி-யில் இந்த அளவில் எடுத்து முடிக்கலாம் என்று காட்டியது சிறிய செயல் அன்று.

காட்சியைப் புகழ்ந்தவர்கள் தங்களை அறியாமல் பக்‌ஷிராஜனைப் புகழ்ந்தனர். கதையைக் குறை சொன்னவர்கள், அவரைத் தோற்கடித்த விதம் மனத்தில் ஒட்டவில்லை என்பதையே வேறு சொற்களில் சொன்னனர். கண் ஒருவனுக்காக அழும்போது கதை இன்னொருவனுக்காகக் கைதட்டச் சொன்னால் பார்வையாளர் பிளவுபடாமல் என்ன செய்வார்? பறவையியலாளர் சொன்னதில் நியாயம் உண்டு என்று வசீகரன் இறுதியில் ஒப்புக்கொள்கிறார். அந்தச் சொல்லை அவர் இடைவேளைக்கு முன்பே சொல்லியிருந்தால், சிட்டி யாருக்காகச் சண்டையிட வேண்டும் என்று தானே தீர்மானிக்க நேர்ந்திருக்கும். எந்திரன் சிட்டிக்கு அந்த உரிமையைக் கொடுத்தது. 2.0 அதற்குப் பத்து மடங்கு வலிமையைக் கொடுத்து, அந்த உரிமையை மட்டும் எடுத்துக்கொண்டது.